எண்ணைக் காட்டினால் நம்பிவிடுவதா?
தொழிலாளியின் பிள்ளைக்கு மூளை குறைவு என்று சொன்ன ஓர் 'ஆராய்ச்சி'யின் கதை

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



கல்வியைப் பற்றிய பேச்சு என்றதும், "பள்ளிக்கூடம் வேண்டும், உபாத்தியாயர் வேண்டும், கூரை வேண்டும் என்று பேசப்போகிறீர்கள், அவ்வளவுதானே?" என்று ஒரு தோழர் வாசலிலேயே கேட்டுவிட்டார். அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் வேறு. கல்வியைப் பற்றி எண்களை வைத்துக்கொண்டு செய்யப்படும் ஆராய்ச்சிகளை நாம் எப்படி நிறுத்துப் பார்ப்பது என்பதே இன்றைய விஷயம்.

"அது பேராசிரியர்கள் வேலை ஆயிற்றே, நமக்கு எதற்கு?" என்று சிலருக்குத் தோன்றலாம். நாமும் மெட்ரிக்குலேஷனோடு நின்றவர்தான். கல்லூரி வாசலை மிதித்ததெல்லாம் நோட்டீஸ் கொடுப்பதற்காகத்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு பள்ளியை மூடுவதானாலும், ஒரு பரீட்சையைப் புதிதாகப் புகுத்துவதானாலும், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகளை அடைக்கலாம் என்று தீர்மானிப்பதானாலும், "ஆராய்ச்சி இப்படிச் சொல்கிறது" என்று ஓர் எண்ணை நீட்டுகிறார்கள். எண்ணைக் கண்டதும் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். நம் பிள்ளையின் தலையெழுத்தை எழுதுகிற எண்ணை நாம் கேள்வி கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

மேலும், எண்ணைச் சந்தேகிப்பது நமக்குப் புதிதா? மில்லில் வேலைப்பளு நிர்ணயிக்க ஸ்டாப் வாட்சும் கையுமாக ஓர் ஆள் வந்து நிற்கிறார். நல்ல பஞ்சு ஓடுகிற நாளாகப் பார்த்து, கை வேகமான ஓர் இளைஞனைப் பிடித்து, காலை ஷிஃப்டின் முதல் மணி நேரத்தில் அளந்துவிட்டு, "ஒரு தொழிலாளி இத்தனை பக்கம் பார்க்கலாம்" என்று எழுதுகிறார். உடனே நாம் என்ன கேட்கிறோம்? "யாரை அளந்தாய்? எந்தப் பஞ்சில் அளந்தாய்? எத்தனை நாள் அளந்தாய்?" என்று கேட்கிறோம். களத்துமேட்டில் நம் பாட்டன்மார் மரக்காலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் கூலி நெல்லை அளக்கவிட்டார்கள். இன்று கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத மீட்டர் காட்டும் எண்ணைப் பார்த்து, "இன்னொரு சாக்கிலிருந்து எடுத்து வைத்துப் பாருங்கள்" என்கிறோம். ஆராய்ச்சியை நிறுத்துப் பார்ப்பதும் இதே வேலைதான். தராசு வேறு, புத்தி ஒன்று.

ஆகவே ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் நிஜமாக நடந்த கதை அது.

பதினொரு வயதில் ஒரு தீர்ப்பு

1944-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கல்விச் சட்டம் ஒன்று வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உயர்நிலைக் கல்வி என்று அது சொன்னது. இது பெரிய முன்னேற்றம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும்போது பிள்ளைகளைப் பிரித்தார்கள். பதினோரு வயதை ஒட்டி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பரீட்சை. 'லெவன் பிளஸ்' என்று அதற்குப் பெயர். தேறியவன் 'கிராமர்' பள்ளிக்குப் போவான். அங்கிருந்து சர்வகலாசாலைக்கும், பெரிய உத்தியோகத்துக்கும் வழி உண்டு. தேறாதவன் 'செகண்டரி மாடர்ன்' பள்ளிக்குப் போவான். அங்கிருந்து தொழிற்சாலைக்கும் கடைச் சிப்பந்தி வேலைக்கும்தான் பெரும்பாலும் வழி. நடுவில் தொழில்நுட்பப் பள்ளிகள் என்று ஒன்று பேச்சில் இருந்தது. பல இடங்களில் அவை கட்டப்படவே இல்லை.

பதினொரு வயதுக் குழந்தையைப் பார்த்து, "உன் மூளை இவ்வளவுதான்" என்று எந்தத் தைரியத்தில் சொன்னார்கள்? புத்தி என்பது பிறவியிலேயே வருவது, வீடும் பள்ளியும் அதை அதிகம் மாற்றாது, அதை அளந்து ஓர் எண்ணாக எழுதிவிடலாம் என்று நம்பியதால்தான். அந்த எண்ணைத்தான் 'ஐ.கியூ.' என்கிறார்கள், நாம் புத்தி எண் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த நம்பிக்கைக்கு இங்கிலாந்தில் பெரிய தூணாக நின்றவர் சிரில் பர்ட் என்ற மனோதத்துவப் பேராசிரியர். 1883-இல் பிறந்தவர். 1913-இல் லண்டன் கவுண்டி கவுன்சிலில் மனோதத்துவ நிபுணராக நியமிக்கப்பட்டவர். பிறகு லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பேராசிரியர். 1946-இல் 'சர்' பட்டமும் கிடைத்தது. கல்வியைப் பற்றிய சர்க்கார் கமிட்டிகள் அவர் கருத்தைக் கேட்டன. சாதாரண ஆள் அல்ல.

இரட்டைப் பிள்ளைகளின் கணக்கு

பர்ட் என்ன செய்ததாகச் சொன்னார்? ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைப் பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா, அச்சில் வார்த்ததுபோல் இருப்பவர்கள்? அவர்களுக்குப் பிறவிச் சொத்து ஒன்றே. அவர்களில் சில ஜோடிகள் சிறுவயதிலேயே பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்கின்றன. ஒன்று வக்கீல் வீட்டில், மற்றொன்று கூலிக்காரர் வீட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்தபின் இருவரின் புத்தி எண்ணையும் அளந்தால், இரண்டும் ஒத்திருக்குமானால், வீடு காரணமல்ல, பிறவியே காரணம் என்று சொல்லலாம். யோசனை நல்ல யோசனைதான். அதில் நாம் குறை சொல்ல மாட்டோம்.

இரண்டு எண் வரிசைகள் எவ்வளவு தூரம் சேர்ந்து நடக்கின்றன என்பதைச் சொல்ல ஒரு கணக்கு உண்டு. ஒட்டுறவு எண் என்று பெயர். முழுக்கச் சேர்ந்து நடந்தால் 1. சம்பந்தமே இல்லாவிட்டால் 0. பிரிந்து வளர்ந்த இரட்டையருக்கு அந்த எண் 0.771 என்று பர்ட் எழுதினார். அதாவது வீடு எதுவானாலும் புத்தி ஒன்றுபோலவே வருகிறது என்று அர்த்தம்.

இந்த எண் அட்லாண்டிக் சமுத்திரத்தையும் தாண்டியது. 1969-இல் ஆர்தர் ஜென்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஏழைக் குழந்தைகளுக்கும் கறுப்பினக் குழந்தைகளுக்கும் தனிக் கல்வி உதவி தருவதால் பெரிய பலன் விளையாது என்ற கருத்துப்பட ஒரு நீண்ட கட்டுரை எழுதியபோது, பர்ட்டின் எண்களையும் ஆதாரமாக வைத்தார். புரிகிறதா தோழர்களே? ஓர் ஆள் மேஜையில் எழுதிய எண், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், ஓர் ஏழைக் குழந்தைக்குக் கிடைக்கும் உதவியையே வீண் செலவு என்று சொல்லப் பயன்பட்டது.

சரி, இப்போது நம் தராசை எடுப்போம். ஐந்து கேள்விகள் கேட்போம்.

முதல் கேள்வி: எதைக் கொண்டு அளந்தாய்?

மரக்கால் சரியா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பர்ட் எந்தப் பரீட்சையைக் கொண்டு அளந்தார் என்பதே அவருடைய கட்டுரைகளில் தெளிவாக இல்லை. அதைவிட விசேஷம், பரீட்சையில் வந்த எண்ணை அவர் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. உபாத்தியாயர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டு, 'திருத்தி' எழுதிக்கொண்டார். பெற்றோர்களின் புத்தியைப் பல சமயம் நேரில் பேசிப் பார்த்தே மதிப்பிட்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். தராசுத் தட்டில் விரலை வைத்துக்கொண்டு நிறுக்கிற வியாபாரியை நாம் என்ன செய்வோம்?

பரீட்சையே சரியானதா என்பது அடுத்த விஷயம். பிரையன் சைமன் என்ற தோழர், மான்செஸ்டர், சால்ஃபோர்ட் நகரப் பள்ளிகளில் உபாத்தியாயராக வேலை செய்தவர், இங்கிலாந்துக் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர், பின்னாளில் பேராசிரியரானவர், 1953-இலேயே இந்தப் புத்திப் பரீட்சைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கேள்விகளில் வரும் சொற்களும் பொருள்களும் வசதியான வீட்டுக் குழந்தைக்குப் பழகியவை. தொழிலாளி வீட்டுக் குழந்தைக்குப் பழகாதவை என்று கேள்விகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். பயிற்சி கொடுத்தால் மதிப்பெண் ஏறுகிறது என்பதைப் பரீட்சைக்காரர்களே அந்தக் காலத்தில் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. டியூஷன் வைத்தால் ஏறுகிற எண், பிறவியில் வந்த எண் எப்படி ஆகும்?

இன்னொன்றும் கேளுங்கள். கிராமர் பள்ளி இடங்கள் ஊருக்கு ஊர் வித்தியாசப்பட்டன. சில வட்டாரங்களில் நூற்றுக்குப் பத்துப் பிள்ளைகள் அளவிலேயே தேறினார்கள். சிலவற்றில் நூற்றுக்கு நாற்பது பேர் தேறினார்கள். பல இடங்களில் பெண்பிள்ளைகளுக்கு இடம் குறைவு; ஆகவே ஆண்பிள்ளையைவிட அதிக மதிப்பெண் வாங்கினால்தான் அவர்கள் தேற முடிந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் 'புத்தியில்லாத' பிள்ளை, அந்தப் பக்கம் குடிபோனால் 'புத்தியுள்ள' பிள்ளை! அளந்தது மூளையையா, பெஞ்சியின் எண்ணிக்கையையா?

இரண்டாம் கேள்வி: யாரை அளந்தாய்?

பிரிந்து வளர்ந்தார்கள் என்றால், உண்மையிலேயே வேறு வேறு நிலைமையில் வளர்ந்தார்களா? தாய் செத்துப்போனால், அல்லது வறுமையால் இரண்டு பிள்ளைகளை வளர்க்க முடியாவிட்டால், ஒன்றை எங்கே விடுவார்கள்? சித்தி வீட்டிலோ பாட்டி வீட்டிலோதானே? 1962-இல் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்பவர் இங்கிலாந்தில் செய்த வேறோர் இரட்டையர் ஆராய்ச்சியில், பிரிந்து வளர்ந்த 40 ஜோடிகளில் 27 ஜோடிகள் உறவினர் வீடுகளிலேயே வளர்ந்தவர்கள். பக்கத்துப் பக்கத்துத் தெரு, ஒரே பள்ளி என்றுகூட இருந்தது. அப்படி வளர்ந்தவர்கள் ஒத்திருப்பது பிறவியாலா, ஒரே மாதிரி வளர்ப்பாலா என்று எப்படிப் பிரிப்பது?

ஆனால் பர்ட்டின் இரட்டையர் மட்டும் சொல்லிவைத்தாற்போல ஏழை வீடு, பணக்கார வீடு என்று சரிசமமாகக் கலந்து வளர்ந்திருந்தார்களாம்! மற்ற யாருக்கும் கிடைக்காத மாதிரி அவருக்கு மட்டும் கிடைத்தது. அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கிற கணக்கு சந்தோஷப்பட வேண்டிய கணக்கல்ல. சந்தேகப்பட வேண்டிய கணக்கு.

மூன்றாம் கேள்வி: நிஜமாக எண்ணினாயா?

இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது. 1955-இல் பர்ட்டிடம் இருந்தவை 21 ஜோடிகள். ஒட்டுறவு எண் 0.771. 1958-இல் முப்பதுக்கு மேற்பட்ட ஜோடிகள். எண் 0.771. 1966-இல் 53 ஜோடிகள். எண் அதே 0.771. பிரியாமல் ஒன்றாக வளர்ந்த இரட்டையருக்கும் இதே கதை. அங்கே எண் 0.944, மறுபடியும் 0.944.

நூல் பரிசோதனையில் வேலை செய்கிற தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். நாற்பதாம் நம்பர் நூலை எடுத்துச் சுற்றி நிறுத்துப் பாருங்கள். ஒரு தடவை நாற்பதுக்குக் கொஞ்சம் குறையும். ஒரு தடவை கொஞ்சம் ஏறும். கூடுதலாகச் சாம்பிள் எடுத்தால் சராசரி சற்றே அசையும். அதுதான் நிஜமான நூல். ஷிஃப்டுக்கு ஷிஃப்டு, மூன்றாவது புள்ளி வரைக்கும் ஒரே எண் ரிஜிஸ்டரில் ஏறியிருந்தால் நாம் என்ன சொல்லுவோம்? "இவன் நூலை நிறுக்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து எழுதினான்" என்று சொல்ல மாட்டோமா?

இதைத்தான் 1974-இல் லியோன் காமின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தம் புத்தகத்தில் எடுத்துக்காட்டினார். இந்தக் காமின் யார் தெரியுமா? இளமையில் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். மெக்கார்த்தியின் வேட்டை நடந்த காலத்தில், 1954-இல், கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கச் சொன்னபோது மறுத்தவர்; அதற்காக வழக்குப் போடப்பட்டு, 1956-இல் விடுதலையானவர். சொந்த நாட்டில் வேலை கிடைக்காமல் கனடாவில் பல வருஷம் பாடம் நடத்தியவர். அவர் புதிய ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. பர்ட்டின் கட்டுரைகளை எடுத்து வைத்து, வரி வரியாகப் படித்தார். பத்தொன்பது வருஷமாக அச்சில் கிடந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார்! அதுவரை பல பேராசிரியர்கள் அந்த எண்ணை மேற்கோள் காட்டினார்களே தவிர, எடுத்து நிறுக்கவில்லை.

1976 அக்டோபரில் லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையில் ஆலிவர் கில்லி என்ற நிருபர் இன்னொரு விஷயத்தை வெளியிட்டார். பர்ட்டோடு வேலை செய்ததாக அச்சிடப்பட்டிருந்த இரண்டு பெண்களின் சுவடே கிடைக்கவில்லை என்றார். 1978-இல் டார்ஃப்மன் என்பவர், பர்ட் 40,000 தகப்பன்மாரையும் 40,000 மகன்மாரையும் பற்றி 1961-இல் வெளியிட்ட அட்டவணைகளை ஆராய்ந்து, அவை ஏட்டுக் கணக்கின் வளைவோடு அச்சாகப் பொருந்துகின்றன, நிஜ மனிதர்களை அளந்தால் அப்படி வராது என்று சொன்னார். 1979-இல் பர்ட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஹெர்ன்ஷா, பர்ட்டின் சகோதரியே கேட்டுக்கொண்டு எழுதத் தொடங்கியவர், மரியாதையோடு ஆரம்பித்தவர், கடைசியில் பர்ட் எண்களைப் புனைந்தார் என்ற முடிவுக்கு வந்தார்.

இங்கே நாம் நியாயம் தவறக்கூடாது. 1989-இலும் 1991-இலும் ஜாய்ன்சன், ஃப்ளெட்சர் என்ற இருவர் பர்ட்டுக்காக வாதாடிப் புத்தகங்கள் எழுதினார்கள். மோசடி நிரூபணமாகவில்லை, கவனக்குறைவாக இருக்கலாம், அந்தப் பெண்களில் ஒருவரைப் பார்த்த ஞாபகம் சிலருக்கு உண்டு என்றார்கள். முதலில் ஹெர்ன்ஷாவின் தீர்ப்பை ஏற்ற பிரிட்டிஷ் மனோதத்துவச் சங்கம், 1992-இல் தன் நிலையை விலக்கிக்கொண்டது. பர்ட் வேண்டுமென்றே பொய் எழுதினாரா என்ற வழக்கு அப்படியே நிற்கட்டும். ஆனால் எண்களை நம்ப முடியாது என்பதில் சந்தேகமில்லை. அந்த ஜென்சனே 1974-இல் பர்ட்டின் எண்களைச் சோதித்துவிட்டு, இவை உதவாது என்று எழுதினார். ஆளைத் தூற்றுவது நம் வேலையல்ல. எண்ணைச் சோதிப்பதே நம் வேலை.

நான்காம் கேள்வி: இன்னொருவர் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

1971-இல் பர்ட் இறந்தார். அவர் வைத்திருந்த பெட்டிப் பெட்டியான காகிதங்களில் பெரும்பகுதி எரிக்கப்பட்டுவிட்டது. எந்தக் குழந்தை, எந்த வீடு, எந்த நாள், எந்தப் பரீட்சை என்று இன்று யாராலும் பார்க்க முடியாது. ரிஜிஸ்டர் இல்லாத மஸ்டர் ரோலுக்கு எவனாவது கூலி கொடுப்பானா?

ஐந்தாம் கேள்வி: எண்ணிலிருந்து முடிவுக்குப் பாலம் உண்டா?

"பர்ட்டின் எண் பொய் என்று தெரிந்துவிட்டது. ஆகவே பிறவிக்கும் புத்திக்கும் சம்பந்தமே இல்லை" என்று யாராவது துள்ளிக் குதித்தால், அவரையும் நாம் நிறுத்த வேண்டும். ஒருவன் கணக்கு பொய் என்பதால் அதற்கு நேர் எதிரானது மெய்யாகிவிடாது. 1990-இல் அமெரிக்காவில் மின்னசோட்டாவில் நடந்த இரட்டையர் ஆராய்ச்சியின் முடிவுகள் வெளியாயின. அங்கே நிஜமான ஆட்கள் இருந்தார்கள். ஒட்டுறவு எண் 0.7-ஐ ஒட்டி வந்தது. பிரிந்து வளர்ந்தவர்கள் எவ்வளவு தூரம் பிரிந்திருந்தார்கள் என்ற கேள்வி அங்கும் கேட்கப்பட்டது. இருந்தாலும் ஒரு பேச்சுக்கு அந்த எண் சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், தொழிலாளி பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்ற முடிவு வருமா?

வராது. ஏன் என்பதை ரிச்சர்ட் லெவோன்டின் என்ற உயிரியல் விஞ்ஞானி 1970-இல் விதையை வைத்து விளக்கினார். நம் வயலை வைத்தே அதைச் சொல்லுகிறோம். ஒரு மூட்டை விதை நெல்லை எடுங்கள். எல்லா விதையும் ஒன்றல்ல. கொஞ்சம் வித்தியாசம் உண்டு. பாதியை வாய்க்கால் பாய்கிற, எரு போட்ட வயலில் விதையுங்கள். பாதியைக் களர் நிலத்தில் விதையுங்கள். நல்ல வயலுக்குள்ளே ஒரு பயிருக்கும் அடுத்த பயிருக்கும் உள்ள உயர வித்தியாசம் விதையால் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர், ஒரே எரு அல்லவா? களருக்குள்ளும் அப்படியே. ஆனால் நல்ல வயலுக்கும் களருக்கும் இடையே உள்ள வித்தியாசம்? அது முழுக்க மண்ணால் வந்தது. ஒவ்வொரு வயலுக்குள்ளும் 'எல்லாம் பிறவி' என்று எண் காட்டும். இரண்டு வயலுக்கும் நடுவில் பிறவிக்கு ஒரு வேலையும் இல்லை. களரில் நின்ற பயிரைப் பார்த்து "விதை மட்டம்" என்று சொல்லுகிறவன் விவசாயியா?

ஆகவே, எண் சரியாக இருந்தும் முடிவு தவறாக இருக்கலாம். இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலக் கணக்கையும் பார்க்க வேண்டும். "பர்ட்டின் இரட்டையர் கணக்கால்தான் லெவன் பிளஸ் வந்தது" என்று சிலர் எழுதுகிறார்கள். சட்டம் வந்தது 1944-இல். அந்த 21 ஜோடிகளின் கட்டுரை 1955-இல். பின்னால் வந்த எண் முன்னால் வந்த சட்டத்தை எப்படிப் பெறும்? அவருடைய பழைய கருத்துக்களும் செல்வாக்கும் அந்த ஏற்பாட்டுக்கு உரமாயின. பின்னால் எதிர்ப்பு வலுத்த சமயத்தில் இந்த எண்கள் அதற்கு முட்டுக்கொடுக்க வந்தன. இதுதான் சரியான கணக்கு. நமக்குச் சாதகம் என்பதற்காகக் கணக்கை வளைக்கக்கூடாது.

எதிர்ப்பு வீண்போகவில்லை. 1965-இல் தொழிற்கட்சி சர்க்கார், பிள்ளைகளைப் பிரிக்காத பொதுப் பள்ளிகளுக்கு மாறும்படி உள்ளூர் நிர்வாகங்களைக் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பியது. பெரும்பாலான இடங்களில் லெவன் பிளஸ் போயிற்று. ஆனால் கென்ட் போன்ற சில இடங்களில் அது இன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் 160-க்கும் மேற்பட்ட கிராமர் பள்ளிகள் இன்றும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கின்றன.

நல்ல கணக்கும் உண்டு

இவ்வளவும் கேட்டுவிட்டு, "ஆராய்ச்சி என்றாலே புரட்டு" என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அது சோம்பேறியின் முடிவு. நல்ல கணக்கு ஒன்றையும் பார்ப்போம்.

அமெரிக்காவில் டென்னசி ராஜ்யத்தில் 1985 முதல் 1989 வரை ஒரு சோதனை நடந்தது. ஒரு வகுப்பில் பிள்ளைகள் குறைந்தால் படிப்பு ஏறுமா என்பதே கேள்வி. முதல் வருஷம் 79 பள்ளிகள். நான்கு வருஷத்தில் சுமார் 11,600 பிள்ளைகள். சிறு வகுப்பில் 13 முதல் 17 பிள்ளைகள். பெரிய வகுப்பில் 22 முதல் 25. மூன்றாவது வகை, உதவிக்கு ஓர் ஆள் கூட இருக்கும் பெரிய வகுப்பு. எந்தப் பிள்ளை எந்த வகுப்பு, எந்த உபாத்தியாயர் எந்த வகுப்பு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தீர்மானித்தார்கள்.

இந்தச் சீட்டுக் குலுக்கலில்தான் சூட்சுமம் இருக்கிறது. பெற்றோர் விருப்பத்துக்கு விட்டிருந்தால், விவரம் தெரிந்த பெற்றோர் தம் பிள்ளையைச் சிறு வகுப்பில் சேர்த்திருப்பார்கள். பிறகு மதிப்பெண் உயர்ந்தது வகுப்பாலா, வீட்டாலா என்று தெரியாமல் போயிருக்கும். குலுக்கிப் போட்டதால், விதை எல்லா வயலிலும் ஒன்றுபோல் விழுந்தது. அப்புறம் தெரிகிற வித்தியாசம் வயலின் வித்தியாசம். சிறு வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் மேலே வந்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் லாபம் அதிகமாக இருந்தது. உதவியாளை மட்டும் கூட வைத்ததால் பெரிய பலன் தெரியவில்லை.

குறையே இல்லையா? உண்டு. வருஷத்துக்கு வருஷம் நூற்றுக்குப் பத்துப் பிள்ளைகள் அளவில் வகுப்பு மாறினார்கள். பலர் பள்ளியையே விட்டுப் போனார்கள். மூன்று வகுப்பு வைக்க இடமுள்ள பெரிய பள்ளிகள்தான் சேர முடிந்தது. ஆனால் ரிஜிஸ்டர் இருந்தது! பத்து வருஷம் கழித்து, 1999-இல் ஆலன் குரூகர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அதே கணக்குகளை எடுத்து, இந்தக் குறைகளையெல்லாம் கழித்துப் பார்த்தார், முடிவு நின்றது. அங்கே சாம்பல், இங்கே ரிஜிஸ்டர். வித்தியாசம் இதுதான்.

இதை வைத்து 1996-இல் கலிஃபோர்னியா சர்க்கார் அவசர அவசரமாக எல்லா ஊரிலும் வகுப்புகளைச் சிறிதாக்கியது. பயிற்சி பெற்ற உபாத்தியாயர் போதவில்லை, அறைகள் போதவில்லை. டென்னசியில் கண்ட அளவுக்குப் பலன் அங்கே தெரியவில்லை. ஓர் ஊரில் விளைந்தது இன்னோர் ஊரில் அப்படியே விளையும் என்று சத்தியம் செய்ய முடியாது. நல்ல விதையும் பருவம் பார்த்துத்தான் முளைக்கும்.

நம் வீட்டுத் தராசு

கடைசியாக, நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஊரார் தராசைச் சோதிக்கிறவன் தன் தராசையும் காட்ட வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில், பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளைகளை நாங்கள் கணக்கெடுத்தோம். கணக்கெடுத்தோம் என்றால் என்ன செய்தோம்? சாயங்காலக் கூட்டத்துக்கு வந்தவர்களிடம் கேட்டோம். வந்த எண்ணைக் கொஞ்சம் தாராளமாகவும் எழுதிக்கொண்டோம். பள்ளிக் கட்டடம் இடிந்து கிடப்பதால்தான் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள், கட்டடம் கட்டு என்று நோட்டீஸ் போட்டோம். கல்வி அதிகாரி மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை வீடு கேட்டீர்கள்? யார் எழுதியது? பெயர்ப் பட்டியல் எங்கே?" என்று மூன்று கேள்விதான் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினோம்.

அதைவிடச் சுட்டது வேறு. திரும்பி வரும்போது நடவு முடித்துக் கரையேறிய ஒரு தாய் கேட்டார்: "ஏண்ணே, எங்க தெருவுக்குள்ள நீங்க வரவே இல்லையே. எம்மவளுந்தான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்னுட்டா. அவ உங்க கணக்குல இல்லையா?"

இல்லை. அவர் மகள் எங்கள் கணக்கில் இல்லை. சாயங்காலக் கூட்டத்துக்கு வர நேரமில்லாதவர் வீட்டுப் பிள்ளை எங்கள் கணக்கில் எப்படி வரும்?

மறுவாரம் நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். பூட்டிக் கிடந்த வீட்டுக்கு இரண்டாம் தடவையும் போனோம். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நின்றுபோனவர்களில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனால் கைக்குழந்தையைப் பார்க்க வேறு ஆள் இல்லை, அதனால் நின்றார்கள். நாங்கள் கேட்டது கட்டடம். அவர்களுக்கு வேண்டியிருந்தது பாலர் பள்ளி. எங்கள் ஊதிய எண் அதிகாரியை ஏமாற்றவில்லை, தோழர்களே, எங்களைத்தான் ஏமாற்றியது. இரண்டாம் தடவை அதிகாரி தெருவுக்கே வந்து பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சரிபார்த்தார். ஒரு பெயர்கூடத் தவறவில்லை. அன்று அவரால் எங்களைத் திருப்பி அனுப்ப முடியவில்லை.

அதனால்தான் சொல்லுகிறோம். ஐந்நூறு பேர் வந்த கூட்டத்தை ஐயாயிரம் என்று எழுதாதீர்கள். எதிரியின் எண்ணைச் சோதிக்கும் உரிமை, தன் எண்ணைச் சோதிக்கக் கொடுப்பவனுக்கே உண்டு.

தோழர்களே! இந்த ஐந்து கேள்விகளையும் வீட்டுக்குக் கொண்டு போங்கள். எதைக் கொண்டு அளந்தாய்? யாரை அளந்தாய்? நிஜமாக எண்ணினாயா? இன்னொருவர் சோதிக்க வழி உண்டா? எண்ணிலிருந்து முடிவுக்குப் பாலம் உண்டா? பத்திரிகையில் கல்வியைப் பற்றி ஓர் 'ஆராய்ச்சி' வந்தால் படிப்பு வட்டத்தில் உரக்கப் படியுங்கள். எழுத்துத் தெரியாத தோழரும் உட்கார்ந்து கேட்கட்டும். மரக்காலைக் கவிழ்த்துப் பார்க்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை.

நம் பிள்ளைக்கு மூளை குறைவு என்று எவனாவது எண்ணோடு வந்தால் கோபப்பட வேண்டாம்; உட்கார வையுங்கள்; ரிஜிஸ்டரைக் கேளுங்கள்.